பை ஒன்று, பிரதி இரண்டு

பயணி ஒருவர் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் பொருளை நடத்துநர் அன்றைய கடைசி ஓட்டம் முடிந்ததும் டிப்போவில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அது பதிவேட்டில் ஏற வேண்டும். உரியவர் எழுத்தில் விண்ணப்பித்து, தன் அடையாளத்தை உறுதிப்படுத்திப் பெற்றுக்கொள்ள வேண்டும். விதி இதுதான். முப்பத்துநான்கு வருடம் தபால் கந்தோரில் குப்பை கொட்டி, ஊரில் மாஸ்டரம்மா என்று பெயரெடுத்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடையாளத்தை உறுதிப்படுத்தும் அட்டையே அந்தப் பைக்குள் இருந்தால் என்ன செய்வது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இது நடந்தது போன வருடம், தைப்பொங்கல் முடிந்த வாரம், இலங்கையின் தென்கரையில் வெள்ளைக்காரர்கள் அதிகம் வருகிற ஒரு ஊரில். நானும் என் அண்ணன் மனைவியும் போயிருந்தோம். மதினி எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. அண்ணன் வரவில்லை. கடல் டிவியில் பார்க்கப் போதுமானது என்பது அவர் கட்சி.

கொழும்பில் வேலை செய்யும் மதினியின் மகன் போனில் ஒரே பிடியாக நின்றான். "வேன் இல்லாம பீச்சுக்குப் போறதா? அங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலையில இருக்கும் அத்தை. உங்களால நடக்க முடியாது."

மதினி போனைப் பிடுங்கினார். "மலையில ஏறி எறங்குனவளுக்குத் தட்டையான எடத்துல நடக்கத் தெரியாதாக்கும். வைடா போனை."

எங்கள் ஊர் ரயில் நிலையமான றொசல்லயில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. நிற்கிற ஒன்றில் ஏறி, கொழும்புக் கோட்டையில் மாறி, கரையோர ரயிலில் போய்ச் சேர்ந்தோம். ஒரு வீட்டு மாடியில் அறை. சேர்ந்த பிறகுதான் புரிந்தது, அந்தக் கரையில் கடல், தண்டவாளம், பெருந்தெரு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தெருவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். வழிதவற வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். வேனில் வந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரில் விறைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர் எங்களுக்கு வீட்டிலேயே இலவசம்.

முதல் நாள் காலை மதினி காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு புறப்பட்டார். அட்டை கடிக்காமல் இருக்கவாம். கடற்கரையில் அட்டை கிடையாது என்றேன். "தண்ணி இருக்குல்ல, வரும்" என்றார். அலை வந்து சவர்க்காரத்தைக் கழுவிக்கொண்டு போனது. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றவர் கடைசியில் சொன்னது இதுதான்: "எங்க பாத்தாலும் மட்டமா கெடக்கு. இங்க ஒரு நெற குடுத்திருந்தாங்கன்னா என் முழங்கால் இன்னும் நல்லா இருந்திருக்கும்." நெற என்றால் கொழுந்து பறிக்க ஒரு ஆளுக்கு ஒதுக்கும் தேயிலை வரிசை.

எங்கே போனாலும் பஸ்தான். ஆமை முட்டை பொரிக்கும் இடம், கடல்நீர் தேங்கும் களப்பு, மீன் சந்தை எல்லாம் அந்த ஒரே தெருவில். மதினியிடம் நீளப் பட்டி வைத்த ஒரு துணிப்பை இருந்தது. அதை அவர் தோளில் போடவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு போலப் பட்டியைத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டார். அப்படியே பஸ்ஸிலும் ஏறி, "கண்டாக்கையா, கொஞ்சம் மெதுவா" என்றார். எங்கள் தோட்டங்களில் கண்டாக்கு என்றால் மலையில் நின்று வேலை வாங்கும் உத்தியோகத்தர். பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவரையும் மதினி அதே மரியாதையோடுதான் அழைப்பார்.

நடத்துநருக்கு முப்பது வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடியைத் தலைமுடியில் செருகியிருந்தார். பையைப் பார்த்துச் சிங்களத்தில் விசாரித்தார். மதினி தன் கடைத்தெருச் சிங்களத்தில், கூடை கட்டுவது, கொழுந்து நிறுப்பது, நிறையில் கண்டாக்கு கழித்துக்கொள்வது எல்லாவற்றையும் மூன்று தரிப்பிடத்துக்குள் விளக்கி முடித்தார். அடுத்த நாள் அதே பஸ் வந்தபோது நடத்துநர் முன் ஆசனத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "தே தலு அம்மே, வாங்க" என்று கூப்பிட்டார். கொழுந்தம்மா என்று பொருள்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் காலை, மாலை ரயிலில் ஊர் திரும்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கடலைப் பார்க்கப் போனோம். அதே நடத்துநரின் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மதினியைப் படம் எடுத்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"மதினி, அதக் கழட்டிக் கீழ வைங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்தா என்ன, தேஞ்சா போயிருவேன்?"

ஆனாலும் கழற்றினார். நானே வாங்கி மேல்தட்டில் வைத்தேன். கடற்கரையில் இறங்கினோம். பஸ் போய்விட்டது. பத்தடி நடந்த பிறகு மதினியின் கை வழக்கம்போலப் பட்டியைச் சரிசெய்ய உச்சந்தலைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது.

பைக்குள் இருந்தது ஒரு மாற்றுச் சேலை, சிப்பிகள், அடையாள அட்டை. சேலைக்கும் சிப்பிக்கும் நான் கவலைப்படவில்லை. மதினிக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர், விவாகச் சான்றிதழில் இன்னொரு பெயர். இந்த மூன்று பெண்களும் ஒருவரே என்று அரசாங்கத்தை நம்ப வைக்க எத்தனையோ வருடங்கள் ஆயின. அத்தனை படிவங்களையும் நிரப்பியது நான். அட்டை வந்தபோது மதினிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதன் பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டு அவர் கடைக்குக்கூடப் போனதில்லை.

"மறுபடியும் மொதல்லேருந்தா, புள்ள?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். சந்தியில் இருந்த, பஸ்களின் நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பரின் சின்ன அறைக்குப் போனேன். கைப்பையில் எப்போதும் முழுத்தாளும் கார்பன் தாளும் இருக்கும். டிப்போ அத்தியட்சகருக்கு, டைம்கீப்பர் ஊடாக, பொருள்: பஸ்ஸில் தவறவிடப்பட்ட பை, பிரதி இரண்டு. டைம்கீப்பர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "எழுத வேண்டாம் நோனா, அந்த பஸ் பதினொரு மணிக்குத் திரும்பி வரும்" என்றார். வாய்மொழி உறுதிக்குப் பெறுமதி இல்லை என்று விளக்கினேன். அவர் பெருமூச்சோடு கையொப்பமிட்டு, கடிதத்தை உறையில் போட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதினி, "போன பஸ்ஸு வராமயா போயிரும்?" என்றார்.

"இது நம்ம தோட்டத்து பஸ் இல்ல மதினி. இங்க நூறு பஸ் ஓடுது."

"சரி. நீ எழுது. நான் ரோட்டப் பாக்குறேன்."

அவர் குரலில் நம்பிக்கை இருந்தது. மடியில் கோர்த்திருந்த விரல்களில் அது இல்லை. ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து, அது போனதும் உட்கார்ந்தார். நான் எனது பிரதியை நான்காக மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். விதிப்படி அந்தப் பை டிப்போவுக்குப் போகும் நேரத்தில் எங்கள் ரயில் மலை ஏறிக்கொண்டிருக்கும்.

பதினொன்று தாண்டிக் கொஞ்ச நேரம். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களைக் கண்டதும் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓரம் கட்டியது. மிதிபலகையில் அந்த நடத்துநர் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி சட்டைப்பைக்குப் போயிருந்தது. பையின் பட்டி தலையில், பை முதுகில். பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. கூன் போட்டபடி தெருவைக் கடந்து வந்து, முதுகைத் திருப்பிக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார்.

"தே தலு அம்மே, கூடை வந்துட்டது. நிறுத்துப் பாத்துக்கொள்ளுங்க. நான் ஒண்ணும் கழிக்கல்ல."

மதினி பையைத் திறந்து அட்டையை எடுத்தார். தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "என் சீவியத்துல ஒரு கண்டாக்கு கூடை தூக்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் நடத்துநர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். எத்தனையோ பேரின் பைகள் இருந்த பஸ்ஸில் இது யாருடையது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இதைத் தலையில் மாட்டுகிறவர் இந்தக் கரையில் வேறு யார் இருக்கிறார்?" என்றார். கண்டுபிடித்த பொருளை அவர் கடைசி ஓட்டத்தின் பின் டிப்போவில்தான் ஒப்படைத்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி என் காலை மிதித்தார்.

டைம்கீப்பரிடம் கொடுத்த முறைப்பாட்டை மீளப்பெறப் போனேன். அது டிப்போவுக்குப் போகிறவர் கையில் ஏற்கனவே போய்விட்டது. அந்த ஒரு காரியம் மட்டும் அன்றைக்கு வேகமாக நடந்தது.

அடுத்த நாள் றொசல்லயில் இறங்கி ஏற்றத்தில் நடக்கும்போது தோள் இற்றுப்போவது போல இருந்தது. யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, என் பையின் பட்டியைத் தலையில் மாட்டினேன். பாரம் பாதியானது. முன்னால் போன மதினி திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டரம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

டிப்போவிலிருந்து பதில் வந்தது. என் கடிதத்தைக் குறிப்பிட்டு, அத்தகைய பை எதுவும் இதுவரை ஒப்படைக்கப்படவில்லை என்று அறியத்தந்திருந்தார்கள். ஒரு பிழையும் இல்லாத கடிதம். வேனில் போயிருந்தால் அந்தக் கரையில் எங்களை அடையாளம் கண்டுகொள்ள ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார் என்பதையும், நான் வெட்கப்பட்டு மறைக்கச் சொன்னதுதான் மதினிக்கு அட்டையைவிடப் பெரிய அடையாளமாக இருந்தது என்பதையும் மறக்காமல் இருக்க, அதைக் கோப்பில் போடாமல் அலமாரிக் கதவில் ஒட்டி, கந்தோர் வழக்கப்படி மேல் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்: கிடைத்தது, தீபாவளிக்கு மறுநாள்.