அந்த மாநிலத்து மாடி வீடு

பணி ஓய்வு பெற்ற மறு வாரமே எக்ஸ்ரே அக்காவுக்கும் அவள் கணவருக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. மிச்சக் காலத்தை எந்த மாநிலத்தில் கழிப்பது என்பதுதான் விஷயம். மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஆஸ்பத்திரியில் கேண்டீன் அக்கா, சீட்டு அக்கா என்று பல அக்காக்கள் இருந்ததால் இவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களை மாடிக்கு ஏற்றி இறக்கிவிட்டு, லிப்ட் பழுதான கட்டடங்களில் எல்லாம் தான் மட்டும் படியேறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்.

"அங்கேயே போயிடலாம்மா," என்றார் அவர். "இங்க பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வீட்டுக்காரர் வந்து நாற்காலில உக்காந்துடுறாரு. நேத்து ஏன் லேட்டு, பையில என்ன வாங்கிட்டு வந்தீங்க, பொண்ணுக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை. வெயில் வேற மண்டையைப் பொளக்குது. அங்க எவ்வளவு நிம்மதியா இருந்தோம்? கியூல நின்னா ஒரு ஆள் முண்டியடிப்பானா?"

"துணி காயாதே, மறந்துட்டீங்களா? ரூமுக்குள்ள கயிறு கட்டி, நாம குனிஞ்சு குனிஞ்சு நடந்தோமே. உங்க செருப்புல காளான் மொளைச்சுது."

"அது ஒரு தடவைதான்."

"இங்க நெஞ்சு வலின்னா தெருவே தூக்கிட்டுப் போகும். அங்க நாமளே பஸ்ஸுக்கு நிக்கணும்."

வாய் இப்படிப் பேசினாலும், அந்தப் பக்கத்தைப் பற்றிய பேச்சு வந்தாலே அவளுக்கு மனம் மாடிப்படி ஏறிவிடும். குறுகலான பதினாறு படிகள். ஏறியதும் வலது பக்கம் சமையலறை. அதன் ஜன்னலில் கண்ணாடி ஒன்று உடைந்து அட்டை ஒட்டியிருக்கும். உள்ளறையில் கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது, பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்த வேண்டும். அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தார்கள்.

இருபத்தைந்து வயதில், கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் அங்கே போய் இறங்கினாள். மலையைச் சுற்றிப் போன பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். அந்த ஊர் மொழியில் ஒரு சொல் தெரியாது. கணவருக்கு அங்கே புதிதாக வந்த உயரக் கட்டடங்களில் வேலை. அவளுக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. வேலைக்கு வேண்டிய நாலு வார்த்தைகளை அங்கிருந்த நர்ஸிடம் கேட்டு, உள்ளங்கையில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டாள். நேரா நில்லுங்க. மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. இப்ப விடுங்க.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் மாலை, வீட்டுக் கதவின் அடியில் ஒரு காகிதம் கிடந்தது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி, கோர்ட்டில் டைப்பிஸ்ட். கணவரை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நாளைக்குத் தண்ணீர் வராது என்றாலும் சரி, மொட்டை மாடிக் கதவைச் சாத்தச் சொல்வதென்றாலும் சரி, அழகாக டைப் அடித்து, கதவடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். இவளுக்குத்தான் அந்த எழுத்து தெரியாதே. கணவர் வேலையிடத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கக் கற்றிருந்தார். அவர்தான் வாசித்துச் சொன்னார்.

"அன்புள்ள அம்மா, சென்ற வாரம் இருமலுக்காக உங்களிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். நீங்கள் மிகவும் அன்பாக நடத்தினீர்கள். ஒரு சிறு விஷயம். நீங்கள் சொல்லும் சொல்லுக்கு எங்கள் மொழியில் எருமை என்று பொருள். மூச்சுக்கு வேறு சொல். கீழே எழுதியிருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்."

கணவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவளுக்கோ காது வரை சூடேறிவிட்டது. எட்டு மாதமாக, ஒரு நாளைக்கு முப்பது பேரிடம், "எருமையை இழுங்க, பிடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவராவது சிரித்திருக்க வேண்டுமே? எல்லோரும் மரியாதையாக எருமையை இழுத்து, பிடித்து, விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நம்ம ஊரா இருந்தா மொத நாளே மானத்தை வாங்கியிருப்பாங்க," என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாங்கியிருந்தா ஒரு நாளோட போயிருக்குமே!" என்றாள் அவள்.

அதுதான் அந்தப் பக்கம். யாரும் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு அவள் குழந்தையோடு வீடு வந்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. தெருவே தன்னை ஒதுக்கிவிட்டதாக எண்ணி அழுதாள். ஆனால் மறுநாளிலிருந்து நாற்பது நாள், காலை ஏழு மணிக்கு, இரண்டு வாளி சுடுநீர் மாடிப்படியின் மேல் படியில் மூடி வைத்திருக்கும். யார் தூக்கி வந்தார்கள் என்பதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டைப்பிஸ்ட் அம்மாளுக்கு அப்போதே முதுகுவலி உண்டு என்பது மட்டும் தெரியும்.

குழந்தை வளர்ந்து, நடக்க ஆரம்பித்ததும் கீழே போய்விடும். அந்த அம்மாள் வீட்டு டைப் மெஷினில் மேல் பாதி கறுப்பும் கீழ்ப் பாதி சிவப்புமாக ஒரு ரிப்பன். கோர்ட் வேலைக்கெல்லாம் கறுப்புதான். சிவப்பு முழுக்கக் குழந்தைக்கு. தட்டித் தட்டி, பக்கம் பக்கமாக ஏதோ அடித்துக்கொண்டு வந்து, "அம்மா, லெட்டர்" என்று நீட்டும்.

குழந்தைக்கு ஆறு வயதானபோது, பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் கணவரின் கம்பெனிக்குப் போன் வந்தது. ஊரில் அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரும் மதிய பஸ்ஸில் இருந்தார்கள். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. மாமியார் எழுந்திருக்கவே இல்லை. ஏழு வருஷம் படுக்கைதான். கணவர் மாற்றல் வாங்கிக்கொண்டு, ஒரு வேலை நாளில் தனியாகப் போய் சாமான்களை லாரியில் ஏற்றினார். டைப்பிஸ்ட் அம்மாள் கோர்ட்டில் இருந்தாள். சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு கடிதம் போட வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை நினைத்தாள். பேசத் தெரியும், எழுதத் தெரியாது. அந்த அம்மாளுக்குப் பிழையோடு எழுதுவதா என்று கூச்சம். கணவரை எழுதச் சொன்னால் அவர் நாளைக்கு என்பார். மாமியாருக்குப் படுக்கை மாற்றுவதிலும், இங்கே கிடைத்த புது வேலையிலும் வருஷங்கள் ஓடின. பிறகு, இவ்வளவு தாமதமாக எப்படி எழுதுவது என்று புதுக் கூச்சம் வந்தது. அப்படியே இருபத்திரண்டு வருஷம்.

இப்போது மகளுக்கு இருபத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. பெற்றோரின் சண்டையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

"அப்பா, ரெண்டு பேரும் ஒரு மாசம் அங்க போய் இருந்து பாருங்க. அப்புறம் பேசலாம். தெனம் போன்ல ரெண்டு மாநிலத்துக்கும் என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்னா நான் எங்க போவேன்?"

போனார்கள். ஊர் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம். ஆனால் மழை அதே மழைதான். பஸ்ஸில் ஏறுகிறவர்களும் அதே போல, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுக் காத்து நின்றார்கள். ஒரு லாட்ஜில் தங்கினார்கள். பழைய தெருவுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஐந்தாம் நாள், கணவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

டைப்பிஸ்ட் அம்மாள் உயிரோடு இருந்தாள். எண்பதை நெருங்கியிருந்தாள். கண்ணில் புரை.

"யாரு?"

"மேல் வீடு," என்றாள் இவள், அந்த மொழியில். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் குரல் வந்த பக்கம் கவனித்தாள். பிறகு அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினாள். கணவர் நலமா, மகள் என்ன செய்கிறாள், பிரயாணம் சிரமமாக இருந்ததா என்று முறையாக விசாரித்தாள். சூடாகக் குடிக்கக் கொடுத்தாள். புதிதாக வந்த விருந்தாளியிடம் பேசுவது போல அரை மணி நேரம் பேசினாள். புறப்படலாம் என்று எழுந்தாள்.

அப்போதுதான் அந்த அம்மாள், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்: "பதினோரு வருஷம் இருந்தீங்க. போறப்ப சொல்லிட்டுப் போகல."

இவள் எடுத்த குடையோடு மறுபடி உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடம் தெறந்ததும் கொழந்தை வந்துடும்னு நெனச்சு புது ரிப்பன் மாத்தி வச்சேன். அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் சிவப்புப் பக்கம் அப்படியே இருந்தது."

ஒரு கோபமும் இல்லாத குரல். எருமையைத் திருத்தியபோது எழுதியதைப் போன்ற அதே நிதானம். இவள் குடையைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுதத் தெரியாதது, கூச்சப்பட்டது, மாமியாரின் படுக்கை, எல்லாவற்றையும் கொட்டினாள். இலக்கணம் தாறுமாறாக வந்தது. அந்த அம்மாள் கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மாடி காலியாத்தான் இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலமே லாட்ஜைக் காலி செய்தார்கள். பீரோ இப்போது இல்லாததால் கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

அவள் நினைத்ததற்கு நேர்மாறாக விஷயம் திரும்பியது. பதினோராம் நாள் கணவர் பையைத் தயார் செய்துவிட்டார்.

"என்னால முடியலம்மா. கடைக்காரன் பொருளைக் கொடுக்கிறான், நன்றிங்கிறான், முடிஞ்சது. பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களான்னே தெரியல. நேத்து யாரோ இருமினாங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

"நிம்மதி வேணும்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"அப்ப வேலை இருந்துச்சு. நாள் பூரா பத்து கட்டடத்துல கத்திட்டு வருவேன், வீட்டுல நிம்மதி தேவைப்பட்டுச்சு. இப்ப என்னத்துக்கு? நம்ம ஊர்ல அவர் காலையில வந்து நாற்காலில உக்காந்தாதான் எனக்குப் பொழுதே விடியுது போல."

"நீங்க போங்க. நான் மாசம் முடிச்சுட்டு வரேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். தேய்ந்துபோன கேட் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

அதிலிருந்து நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது. மழைக்காலம் முழுக்க அவள் அந்தப் பக்கம். கணவர் நடுவில் பத்து நாள் வந்து தங்கி, ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிடுவார். சொந்தக்காரர்கள், வயசான காலத்தில் இதுகள் பிரிந்துவிட்டதா என்று குசுகுசுத்தார்கள். தினம் மூன்று வேளையும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிக்கு அதைக் கேட்கச் சிரிப்பாக இருந்தது.

அந்த அம்மாளுக்குக் கண் முற்றாக மங்கியபோது செய்தித்தாள் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்காகவே அறுபது வயதில் அவள் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டாள். முதல் பக்கத்தை முடிக்கவே ஒன்றரை மணி நேரமாகும். ஒரு விஷயம் அவளுக்குப் புதிதாக இருந்தது. இப்போது அந்த அம்மாள் பிழைகளை உடனுக்குடன் திருத்தினாள், சிரிக்கவும் சிரித்தாள். "அமைச்சர் திறந்து வைத்தது பாலம். நீங்க படிச்சது வேற!" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் தப்பை ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்பதில் இவளுக்கு ஏற்பட்ட பெருமையைக் கணவரிடம் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை.

ஐந்தாம் வருஷம், மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, அந்த அம்மாளின் அண்ணன் மகன் போன் செய்தார். அம்மாள் இறந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் அவள்.

"இந்த வெயில்ல அவ்வளவு தூரம்... உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சோம்."

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்து மனிதர்களின் எல்லாக் குணத்தையும் ஏற்றுக்கொண்டவளுக்கு இந்த ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. இங்கே என்றால், செத்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் வழக்கம் போல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னம்மா, யாரு, என்ன வயசு, எப்படிச் செத்தாங்க என்று கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் அவள் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவர் மதியம் வரை எழுந்து போகவில்லை.

போன வருஷம் மகளுக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டு மாநிலத்தில் எது வேண்டும் என்று ஆபீஸில் கேட்டிருந்தார்கள். மகள் அம்மாவிடம் யோசனை கேட்டாள். அவள் ஒரு மணி நேரம் பேசினாள்: மழை, வெயில், பஸ், ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு. முடிவில் எது நல்லது என்று அவளுக்கே தெரியவில்லை. கணவர் நடுவில் புகுந்து இன்னொரு அரை மணி நேரம் குழப்பினார். மகள் சிரித்துக்கொண்டே, "நான் பொறந்த ஊரையே போட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

மகளும் மருமகனும் குடி போய் இரண்டு மாதம் ஆகிறது. நேற்றுப் போன் வந்தது.

"அம்மா, இங்க ஒருத்தர்கூட என்கிட்ட பேச மாட்டேங்கிறாங்க. நாம ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

"காலையில கதவைத் தெறந்ததும் வாசல்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லையே. யாரோ பால் பாக்கெட்டை நனையாம ஜன்னல் மேல எடுத்து வச்சிருந்தாங்க. அவ்வளவுதான்."

"யாருன்னு தேடாத," என்றாள் அம்மா. "நீ எங்கயாவது ஊருக்குக் கெளம்பினா மட்டும், பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு, வாய்விட்டுச் சொல்லிட்டுப் போ."