அணையாத தீயும் ஒரு தண்ணி லாரியும்

போன ஜூன் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அலாஸ்காவில் ஓர் ஆற்றின் நடுவே என் மனைவியை நானே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். தண்ணீர் எங்களைச் சுற்றி வளைத்தது. அவளை நான் கொன்றுவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அல்லாஹ் எங்களைக் கரை சேர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, வெட்கத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு வருடம் கொள்ளிடக் கரையில் மதகு திறந்து, மதகு மூடிப் பிழைத்தேன். எந்த மட்டத்தில் வெள்ள எச்சரிக்கை விட வேண்டும், அதன் நகல் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொழுகைச் சட்டங்களிலும் அப்படித்தான். நாங்கள் இப்போது வசிக்கும் டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் என்னிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வீடு திரும்பியதில்லை.

அங்கே மே மாதமே அனல் அடித்தது. மகள் நஸ்ரின், குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டாள். போன இடத்தில் பனிமலையைப் பார்த்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நாலு நாளாக அங்கே வழக்கமில்லாத வெயில். முந்தின நாள் மழையே இல்லாமல் மின்னல் விழுந்து காடு பற்றிக்கொண்டது. நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆற்றோரம் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினோம். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. தெற்கே மலைக்குப் பின்னால் புகை எழுந்துகொண்டிருந்தது.

தொழுகை நேரம். அதற்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். ஆற்றின் நடுவே கூழாங்கல் திட்டு ஒன்று சுத்தமாகத் தெரிந்தது. இடையில் ஓடிய கால்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கே போகலாம் என்றேன்.

"அத்தா, கேன்ல தண்ணி இருக்கு. இங்கயே ஒளு செஞ்சிருங்க. போர்டைப் பாருங்க, வாட்டர் லெவல் சடனா ஏறும்னு போட்டிருக்கான்."

"இந்த மாதிரி போர்டு நானே நூறு நட்டிருக்கேன்மா. நட்டவனே படிச்சது கிடையாது."

"புள்ள சொல்றா, கேளுங்களேன்" என்றாள் மனைவி சுபைதா.

"மேல பாரு. தலைக்கு மேல ஒரு பொட்டு மேகம் இல்ல. மழ இல்லாம ஆறு எப்படி ஏறும்? எவனாவது ஷட்டரத் தூக்கணும். இங்க ஷட்டரே கிடையாது."

எனக்குத் தெரிந்த ஆறுகள் மழையில் ஏறும், அல்லது உத்தரவில் ஏறும். இந்த ஆற்றுக்கு வெயில்தான் மழை என்று எனக்குத் தெரியாது. நாலு நாள் வெயிலில் உருகிய பனி மொத்தமும் பிற்பகலில்தான் அந்த இடத்துக்கு வந்து சேருமாம்.

நஸ்ரின் கேன் தண்ணீரில் ஒளு செய்து கரையிலேயே தொழுதாள். நாங்கள் இருவரும் திட்டில், பயணிக்குரிய சலுகைப்படி நண்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துத் தொழுதோம். பிறகு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாலை திறக்கிற வழியாக இல்லை. ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை.

முதலில் கேட்டது சத்தம்தான். தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. எழுந்து பார்த்தேன். கணுக்கால் அளவு கால்வாய் தொடையளவு ஆகியிருந்தது. சிமெண்ட் கரைசல் போன்ற சாம்பல் நிறம். வேரோடு ஒரு மரம் வந்து திட்டின் முனையில் இடித்து, ஒரு கார் அளவுக்குத் திட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. அதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறிவந்தது. எதிர்க்கரையில் இடி விழுந்தது. ஒரு நெட்டை மரம் உச்சி முதல் அடிவரை பிளந்து எரிந்தது.

வழி பார்க்கிறேன் என்று தண்ணீரில் இறங்கினேன். இரண்டாவது அடியில் ஆறு என் கால்களைப் பறித்தது. கன்னம் கல்லில் மோதி ரத்தம் வந்தது. முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுபைதா மண்டியிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கரையில் நஸ்ரின் கதறினாள். போனில் சிக்னல் இல்லை. அவள் தண்ணீரில் கால் வைப்பதைப் பார்த்ததும் சுபைதா கத்தினாள்.

"எறங்கினே, அம்மா மொகத்துல முழிக்காதே! அங்கயே நில்லு!"

நான் கை ஏந்தினேன். அப்போதும் எனக்கு வரிசை எண் போட்டுத்தான் கேட்கத் தெரிந்தது. ஒன்று, நீர்மட்டம் குறைய வேண்டும். இரண்டு, இடி நின்று காட்டுத்தீ அணைய வேண்டும். மூன்று, நஸ்ரினுடைய போனுக்கு சிக்னல் வர வேண்டும். பக்கத்தில் சுபைதா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"யா ரப்பே, எங்க புள்ளய இதப் பாக்க வெச்சிராத."

தண்ணீர் திட்டின் மேல் ஏறியது. தொழுகை விரிப்பு போனது. செருப்புகள் போயின. முழங்காலுக்குக் கீழே மரத்துவிட்டது. மரம் எரிந்துகொண்டேயிருந்தது. நஸ்ரின் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். என் மூன்று கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டன. எனக்குத் தெரிந்த சட்டம் எதிலும் இதற்கு மேல் ஒரு வரி இல்லை.

அப்போது சுபைதா என் தோளை உலுக்கினாள்.

"என்னங்க... தண்ணி லாரி! தண்ணி லாரி வந்திருச்சுங்க!"

என் ஓய்வுக்குப் பிறகு நாங்கள் சென்னையில் இருந்த தண்ணீர்ப் பஞ்ச வருடங்களில், லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள் அவள். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பினால், நிஜமாகவே பெரிய தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாகக் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்புப் படையின் லாரி. ஆற்றில் தண்ணீர் எடுக்க வந்திருந்தார்கள்.

நஸ்ரின் ஓடிப்போய் அதன் கதவில் அறைந்தாள்.

அவர்கள் யோசித்து நிற்கவில்லை. லாரியை எங்களுக்கு மேல்புறமாகக் கால்வாய்க்குள் இறக்கி, வேகத்தைத் தடுத்தார்கள். கயிறு கட்டிய ஒரு பெண் எங்களிடம் நடந்து வந்தார். முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.

"சார், ஸ்டாப் டாக்கிங்" என்றார்.

கேள்வி கேட்காமல் ஓர் உத்தரவுக்கு நான் கீழ்ப்படிந்தது அன்றுதான். முதலில் சுபைதாவைக் கொண்டுபோனார்கள். நடுவில் அவள் கால் வழுக்கிக் கழுத்துவரை முழுகினாள். கயிறு விறைத்தது. அந்தப் பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஆற்றைத் திட்டியபடியே அவளைக் கரையேற்றினார். அடுத்து நான். கரையில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லை. நாங்கள் தொழுத இடத்தில் அலை புரண்டது. நஸ்ரின் அவள் அம்மாவைப் போர்வைக்குள் சுற்றி மடியில் கிடத்தியிருந்தாள். சுபைதா கேட்டபடியே, எங்கள் பிள்ளை பார்த்தது எங்கள் சாவை அல்ல, அதைத்தான்.

அந்தப் பெண் பிறகு சொன்னார். அவர்கள் வழக்கமாகத் தண்ணீர் எடுப்பது வேறொரு இடத்தில். மதியம் காற்று திரும்பி, தீ பரவி, அந்த வழி அடைபட்டுப் போனது. அதனால் இங்கே வந்தார்களாம். நான் கேட்டபடி அந்தத் தீ அணைந்திருந்தால் அந்த லாரி வந்திருக்காது. அடக்கம் செய்ய எங்கள் மய்யித்துகூடக் கிடைத்திருக்காது.

அதே தீயில் சில குடும்பங்களின் மரவீடுகள் எரிந்தன. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் சொல்லியே வாழ்ந்தவன் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

இப்போது நான் வரிசை எண் போடுவதில்லை. பயத்தைச் சொல்கிறேன். யாருக்காகப் பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். வழியை அவனிடம் விட்டுவிடுகிறேன். வீட்டில் யாராவது "வேண்டாம் அத்தா" என்றால் நின்றுவிடுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், இரண்டையும் எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன்.

இதைப் படிப்பவரே, உங்கள் வாழ்க்கையில் இப்போது ஏதோ எரிந்துகொண்டிருக்கலாம். அணைத்துவிடு என்று தாராளமாகக் கேளுங்கள், நானும் கேட்டேன். அது அணையவில்லை என்பதற்காகக் கையை மடக்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஏந்தியபடியே இருங்கள்.