நான் திரும்ப எடுத்துக்கொண்ட ஆமென்

போன வருடம் ஈஸ்டர் முடிந்த சில நாட்களில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். துணி அலசிய தண்ணீர் தரையில் நின்றிருந்தது. கவனிக்கவில்லை. இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் என் சத்தம் கேட்டு, ஆள் கூட்டி வந்து கதவை உடைக்கும்வரை அந்த ஈரத் தரையிலேயே கிடந்தேன். ஜெபிக்க முயன்றேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

என் பெயர் ஞானசுந்தரி. வயது அறுபத்தொன்பது. ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் பக்கம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் நெடுநாள் வேலை செய்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் போன பிறகு நான் மூலையில் உட்காரவில்லை. அவருடைய சின்னச் சிவப்புக் காரை நானே ஓட்டினேன். என் சிநேகிதி ரோஸ்லினுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதால் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அவளை நான்தான் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் கூட்டி வருவேன். ஞாயிற்றுக்கிழமை நடக்க முடியாத இன்னும் இரண்டு பேரைச் சபைக்கு ஏற்றிப்போவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரே விழுகையில் என்னிடமிருந்து என்னவெல்லாம் போயிற்று என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் செய்து தொடையில் கம்பி வைத்தார்கள். அதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் ஏகத்துக்கு ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. ஊரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவள், தனக்கென்று ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

என் ஒரே மகன் ஸ்டீபன் ஷா ஆலாமிலிருந்து லீவு போட்டு வந்தான். நல்ல பிள்ளை. என்னைக் குளிப்பாட்ட ஆள் வைத்தான், கஞ்சி வைத்துக் கொடுத்தான், இரவில் என் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் இருந்த நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது சுகவீனமாக வீட்டில் கிடந்தால், வியாழக்கிழமை ஜெபக் கூட்டம் அந்த வீட்டுக்கு மாறிவிடும். அப்படி என் வீட்டுக்கும் வந்தார்கள். பிஸ்கட் டின், ஆரஞ்சுப் பழம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்தது. கூடம் நிறைந்துவிட்டது. போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எங்கள் போதகருக்கு என் மகன் வயதுதான் இருக்கும், மிகவும் அன்பானவர். "ஆண்டவரே, உம்முடைய மகள் இத்தனை வருஷம் ஓடினது போதும். இந்த வீட்டுப் பாரத்தை இறக்கி வையும். மகனுடைய வீட்டில் இவங்களுக்கு இளைப்பாறுதல் தாரும்" என்று உருக்கமாக ஜெபித்தார்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

நினைத்துச் சொன்னதில்லை அது. சிறு வயதிலிருந்து பழகிய பழக்கம். ஜெபம் எந்த இடத்தில் முடியப்போகிறது என்று என் நாக்குக்கே தெரியும். யார் ஜெபித்தாலும், எதற்கு ஜெபித்தாலும், அது முடியும்போது ஆமென் தானாக வந்து விழுந்துவிடும். அன்றைக்கும் விழுந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு ஸ்டீபன் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டே மனைவியிடம் போனில் பேசினான். "கவலப்படாத சாந்தி. அம்மாவே ஆமென் சொல்லிட்டாங்க. கீழ் ரூம ரெடி பண்ணு."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. என் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தான். காரைச் சாந்தியின் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பள்ளி விடுமுறை வந்ததும் என்னைக் கூட்டிப்போவது என்று முடிவானது. நான் வாயே திறக்கவில்லை. என்ன சொல்லிச் சண்டை போடுவது? அன்பாகச் செய்கிற பிள்ளையோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

ஆனால் எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்குப் போனால் நான் அவ்வளவுதான். முன்பொரு முறை அங்கே இரண்டு வாரம் இருந்தேன். ஒரு டம்ளரை எடுத்து வைக்க விடமாட்டார்கள். "அம்மா, நீங்க உட்காருங்க" என்பார்கள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை டிவி. வாசலில் நிற்கிற காவலாளியைத் தவிர எனக்கு அங்கே ஒரு ஆளைத் தெரியாது. ஒரு கட்டத்தில் அன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோனது. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. என்னைச் சாமான் மாதிரி பத்திரப்படுத்தினார்கள். நான் சாமான் இல்லையே.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. கர்த்தருடைய சமூகத்தில் ஆமென் சொல்லியாயிற்று. இனி எந்த முகத்தோடு போய் மாற்றிக் கேட்பது? நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அழுகை மட்டும் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டீபன் மருந்து வாங்கப் போயிருந்தான். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஜன்னல்வரை வந்தேன். போர்ட்டிகோவில் கார் துணி போர்த்தி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கோபம் எழும்பியது. வாய்விட்டே பேசினேன்.

"ஆண்டவரே, அன்னிக்கு நான் சொன்ன ஆமென் என்னுடையது இல்ல. அத நான் திரும்ப எடுத்துக்கிறேன். எனக்கு இளைப்பாறுதல் வேணாம். கால் வேணும். ரோஸ்லின என் காடியில ஏத்திட்டுப் போகணும். நான் கேக்குறது தப்புன்னா எனக்குக் காட்டும். தப்பு இல்லன்னா, ஒரு ஆளயாவது என் பக்கத்துல நிறுத்தும்."

ஆமென் என்றேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்தே சொன்னேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ரோஸ்லின் இறங்கினாள். கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் இன்னும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளே வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"நீ போறியாமே?" என்றாள்.

"எல்லாரும் ஜெபிச்சாங்க ரோஸ்லின். எல்லாரும் ஆமென் சொன்னாங்க."

"நான் சொல்லலயே."

எனக்குப் புரியவில்லை. "நீயும் அன்னிக்கு இங்கதானே இருந்த?" என்றேன்.

"நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன் லா. பாஸ்டர் கேட்டது உனக்கான ஜெபமே இல்ல. நீதான் எல்லாரையும் விட சத்தமா ஆமென் போட்ட. இவளுக்குக் கால்தான் ஒடஞ்சுச்சா, மூளையும் கலங்கிருச்சான்னு நெனச்சேன். ரெண்டு வாரமா மனசு கேக்கல. இன்னிக்கு விடியக்காலையில எழுந்ததுலேர்ந்து உன்னப் பாக்கணும்னு ஒரே அவதி. அதான் ஓடி வந்தேன்."

நான் கேட்டது ஒரு ஆள். அந்த ஆள் அன்றைக்கே அந்தக் கூடத்தில் ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே கர்த்தர் அவளை அங்கே வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு டீ போட்டுக் குடித்தோம், சீனி இல்லாமல்.

அன்று மாலையே ஸ்டீபனிடம் சொன்னேன். "தம்பி, நான் வரல. கிறிஸ்மஸ் வரைக்கும் எனக்கு டைம் கொடு. அதுக்குள்ள நானே சபைப் படி ஏறி, டாக்டரும் ஓகே சொல்லி, காடி ஓட்டிக் காட்றேன். முடியலன்னா நீ சொல்ற இடத்துக்கு வாய் பேசாம வரேன்."

"ஆமென் சொன்னீங்களேம்மா?"

"பழக்க தோஷத்துல சொன்னது. கர்த்தர்கிட்ட சொல்லித் திருப்பி வாங்கிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "தனியா எப்படிம்மா இருப்பீங்க?" என்றான். அதற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின், தான் என்னோடு வந்து தங்குவதாகச் சொன்னாள். "ரெண்டு பேஷண்ட் ஒரே வீட்லயா ஆன்டி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில் வாடகைக்கு வருவதாக இருந்தவர்களுக்குப் போன் செய்து வேண்டாம் என்றான். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள கைப்பிடியும், தரையில் வழுக்காத விரிப்பும் போட்டுவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினான்.

ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது, இனி கால் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் பார்க்கத்தான் சாது. "சிக்கிட் லாகி, மக்சிக்" என்பாள். இன்னும் கொஞ்சம், ஆன்டி என்று அர்த்தம். அந்த இன்னும் கொஞ்சத்துக்கு முடிவே கிடையாது. வலியில் அவளைத் திட்டியிருக்கிறேன், தமிழில். அவள் சிரித்துக்கொண்டே காலை இன்னும் உயர்த்தச் சொல்வாள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவில் நடை. முதலில் வாக்கர், பிறகு கோல். ரோஸ்லின் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு குறைந்தது, கீரையும் மீனும் கூடியது. ரொட்டி சானாய் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதுதான் எனக்குக் கால் வலியைவிடப் பெரிய சோதனை.

நடுவில் ஒரு சமயம் முழங்கால் வீங்கி, பத்து நாள் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. மழை வேறு. கர்த்தரிடம் சரியாகக் கோபித்துக்கொண்டேன். தோற்றுவிட்டேன், ஸ்டீபனைக் கூப்பிடு என்று ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "வீக்கம் வத்தட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். வீக்கம் வற்றியது. அதன் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை.

நவம்பர் கடைசியில் டாக்டர் என்னை நடக்கவைத்தார், உட்காரவைத்தார், எழுப்பினார். முறிந்தது இடது கால், என்னுடையது ஆட்டோ கியர் வண்டி, அதில் இடது காலுக்கு வேலை இல்லை. ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். சர்க்கரையும் இறங்கியிருந்தது. மாத்திரை இன்னும் உண்டு. நான் சாப்பிடுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் குடும்பத்தோடு வந்தான். அவன் காரில் ஏறச் சொன்னான். நான் என் சாவியை எடுத்தேன். ரோஸ்லினை முன்னால் உட்காரவைத்து ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் என் மகன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறான். சபையில் கோலை ஒரு கையிலும் கைப்பிடிக் கம்பியை மறு கையிலுமாகப் பிடித்துப் படி ஏறினேன். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தான். தொடவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தை நானே என் வீட்டில் வைத்தேன். ஸ்தோத்திரக் கூட்டம். போதகர் ஜெபிக்க எழுந்தார். "பாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு நானே எனக்காக ஜெபிக்கிறேன்" என்றேன்.

அவர் "ஜெபிங்க ஆன்டி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் நின்றுகொண்டே ஜெபித்தேன். கொடுத்த காலுக்காக நன்றி சொன்னேன். ரோஸ்லினுக்காக, திட்டு வாங்கிய அந்த மலாய்ப் பெண்ணுக்காக, பயந்துபோன என் மகனுக்காக நன்றி சொன்னேன். உயிர் இருக்கும்வரை எனக்கு வேலை கொடும், வேலை செய்யத் தெம்பு கொடும், ஒரு நாள் நிஜமாகவே முடியாமல் போகும்போது அதை என் வாயாலேயே சொல்லத் தைரியம் கொடும் என்று கேட்டேன். முடித்தேன். ரோஸ்லினின் ஆமென்தான் முதலில் கேட்டது. கூடமே சேர்ந்து சொன்னது. எல்லாரும் சொல்லி அடங்கிய பிறகு, அடுப்படிக் கதவோரம் நின்ற என் மகன் சொன்னான். யோசித்துச் சொன்ன ஆமென் அது. எனக்கு அது போதும்.

இப்போதும் வாரம் மூன்று தடவை ரோஸ்லினை என் காரில்தான் கூட்டிப்போகிறேன். அவள் உள்ளே இருக்கிற நேரத்தில் நான் வெளியே நடந்துகொண்டிருப்பேன். வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று பார்க்கிற பெண்களிடமெல்லாம் நச்சரிக்கிறேன்.

அன்பான சகோதரிகளே, வயதாகிவிட்டது என்பதற்காக உங்கள் ஜெபத்தை மற்றவர்கள் கையில் விட்டுவிடாதீர்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கர்த்தர் உங்கள் வாயிலிருந்து கேட்க விரும்புகிறார். கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து காலை அசையுங்கள். என் வீட்டில் வியாழக்கிழமைதோறும் கூட்டம் உண்டு, வாருங்கள், டீ தருகிறேன். ஜெபம் முடிந்ததும் அவசரப்பட்டு மட்டும் ஆமென் சொல்லிவிடாதீர்கள்.