கம்பி போட்டுக் கட்டிய கிறிஸ்துமஸ் மரம்

துணிக்கடையில் அவளுக்கு ஷோகேஸ் அக்கா என்று பெயர். மேலாளர் அவளைவிட மூத்தவர், அவருக்கும் அவள் அக்காதான். வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்கு உடுத்தி விடுவதும், பண்டிகைக்குப் பண்டிகை கடையை ஜோடிப்பதும் அவள் வேலை. சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்கத்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் போகிறபோக்கில் ஒரு பொம்மையின் கழுத்துப்பட்டையை நிமிர்த்தி, கையைத் திருப்பி இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். அது போட்டிருந்த சட்டை சாயங்காலத்துக்குள் ஒன்று மிச்சமில்லாமல் விற்றுவிட்டது. அன்றைக்கே பொம்மைகள் எல்லாம் அவள் பொறுப்புக்கு வந்தன.

கோணலாக எதைப் பார்த்தாலும் அக்காவுக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் அவளுக்குக் கல்யாணமே ஆயிற்று என்றால் நம்பத்தான் வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இருக்கை அவளுக்கு வாடிக்கை. ஒருநாள் டிரைவரின் காலர் பாதி உள்ளே மடங்கிக் கிடந்தது. எத்தனை நேரம்தான் ஒரு மனுஷி பொறுத்துக்கொள்வாள்? சிக்னலில் வண்டி நின்றதும் எட்டி அதைச் சரிசெய்துவிட்டாள். வண்டி நின்றிருந்ததால் ஊர் தப்பித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். மறுநாளும் காலர் மடங்கியிருந்தது. அதற்கு மறுநாளும். அது தானாக மடங்கியதா, ஆள் மடித்துக்கொண்டு வந்தாரா என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் வீட்டில் அவள் கல்யாணப் பேச்சை எல்லோரும் கைகழுவிவிட்டிருந்த வயது அது. டிரைவர் மனைவியைப் பறிகொடுத்தவர். ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் இருந்தாள். எல்லாவற்றையும் முதலிலேயே மறைக்காமல் சொன்னார். அக்காவும் யோசித்துத்தான் சம்மதித்தாள்.

ஆனால் இந்தப் பெண், பாப்பா என்று அப்பா கூப்பிடுகிற அந்தப் பெண், அக்காவை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. முரட்டுத்தனம் கிடையாது, எதிர்த்துப் பேச்சு கிடையாது. போட்டதைச் சாப்பிடுவாள், சொன்னதைச் செய்வாள். எதையாவது கேட்க வேண்டுமென்றால் மட்டும் சுவரைப் பார்த்து, 'பச்சை ரிப்பன காணோம்' என்பாள். அக்கா எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அப்பா ஒருமுறை, அம்மா என்று கூப்பிடேன் என்று ஆரம்பித்தார். பாப்பா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அக்காவுக்கு அம்மா பட்டமெல்லாம் வேண்டியதில்லை. இருந்தவளின் இடம் இருந்தவளுக்குத்தான். சித்தி என்றால் போதும். ஊரே கூப்பிடுகிற மாதிரி அக்கா என்று கூப்பிட்டால்கூடப் போதும். வீட்டுக்குள் பெயரில்லாமல் நடமாடுவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஏதாவது நடந்துவிடாதா என்று மனதுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் பிறந்ததும் டிரைவர் பரணிலிருந்து ஒரு நீளமான அட்டைப்பெட்டியை இறக்கினார். பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். மனைவி போன பிறகு அது கீழே இறங்கவே இல்லை. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஜோடித்துவிட்டால் அசந்துபோவாள், உனக்குத்தான் இது கைவந்த கலையாயிற்றே என்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையில் லீவு சொன்னாள். போன வருஷம் கழித்துப்போட்ட வெள்ளி உருண்டைகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவற்றையும், தன் வேலைப் பையையும் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெட்டிக்குள் மரத்தோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தொங்கட்டான்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. சாயம் போன சிவப்பு உருண்டை, ஒரு தையல் விரலுறை, ஒற்றைக் கம்மல், டிரைவர் கண்டக்டராக இருந்த காலத்து விசில், கம்பளி நூலில் செய்த ஒரு பறவை. பறவைக்கு ஒரு இறக்கை பெரிது, ஒன்று சிறிது. அக்காவின் கண் அவற்றை ஒரு பார்வை பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெள்ளி உருண்டைகள் முன்பக்கம். இவை சுவர்ப்பக்கம். தூக்கிப் போடாமல் வைத்தாளே, அது பெரிது.

கடையில் அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு வருஷம், வாடிக்கையாளர்களோடு வந்த பிள்ளைகள் போகிறபோக்கில் ஒவ்வொன்றாகப் பறித்துப் பறித்து, பண்டிகைக்கு முன்பே மரத்தின் கீழ்ப்பாதி மொட்டையாகிவிட்டது. மேலாளர் அவளைத்தான் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து எதைத் தொங்கவிட்டாலும் மெல்லிய கம்பியைச் சுற்றி, குறட்டால் முறுக்கி, நுனியைக் கிளைக்குள் மடக்கிவிடுவாள். பிறகு பிடித்து இழுத்தாலும் வராது. வீட்டு மரத்துக்கும் கை தானாக அதையே செய்தது. விரலுறைக்கு ஒரு முறுக்கு, விசிலுக்கு ஒரு முறுக்கு, பறவைக்கு இரண்டு.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை வாசலில் வைத்தால் கூட்டம் நின்று பார்க்கும்.

பாப்பா வந்தாள். புத்தகப் பையை இறக்காமலே மரத்தைப் பார்த்தாள். அக்கா சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், சுவருக்கும் மரத்துக்கும் நடுவே தலையை நுழைத்தாள். பிறகு உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு, திரும்ப அங்கேயே வந்தாள். சுவர்ப்பக்கம் கையை விட்டாள். எதையோ இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். மரம் அவள் மேலேயே சாய்ந்தது. வெள்ளி உருண்டை ஒன்று தரையில் விழுந்து சில்லுச் சில்லாகப் போனது.

அக்கா ஓடிவந்து மரத்தைத் தூக்கினாள். அடி ஒன்றும் படவில்லை. பாப்பாவின் கை மட்டும் பறவையை விடாமல் பிடித்திருந்தது. பறவை கிளையை விடவில்லை.

"இத ஏன் கட்டுனீங்க?" என்றாள் பாப்பா.

வந்த நாளிலிருந்து அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அக்காவுக்கோ வாயில் கடைப்பேச்சுத்தான் வந்தது.

"யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்."

"இது எங்க வீட்டு மரம். இங்க யாரு எடுத்துட்டுப் போவா?"

பாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'எங்க வீட்டு' என்ற அந்தச் சொல் அக்காவை அறைந்த மாதிரி இருந்தது. உடைந்த சில்லைப் பெருக்கி அள்ளினாள். அழுகை வந்தது, அதையும் அழுது முடித்தாள்.

டிரைவர் வேலை முடிந்து வந்ததும், நடந்ததைக் கேட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மரம் வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் தினமும் ஒரு விளையாட்டு நடக்குமாம். ஒருவர் கூடத்தில் நிற்க, மற்றவர்கள் சமையலறைக்குள் போய்விட வேண்டும். நிற்பவர் மரத்திலிருக்கிற ஏதாவது ஒன்றை இடம் மாற்றி வைப்பார். எது மாறியிருக்கிறது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவர் தலையில் அன்றைக்குப் பாத்திரம். பாப்பாவின் அம்மா ஆரம்பித்து வைத்தது. வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் அவள் மரத்தில் தொங்கவிட்டது அதற்காகத்தான். ஒரே மாதிரி உருண்டைகள் இருந்தால் எது மாறியது என்று யாருக்குத் தெரியும்? சாலையில் குறுக்கே ஓடுகிற பூனையைக்கூடப் பார்த்துவிடுகிற டிரைவர், மரத்தில் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாள் பூரா அத்தன ஜனத்த ஏத்தி எறக்குறீங்க. வீட்ல ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்ல முடியாதா?"

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாராம். போனவளின் பேச்சை எடுத்தாலே பாதியில் எழுந்து போய்விடத் தோன்றுகிறதாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது? அக்கா கம்பிக் குறட்டை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

முறுக்குவது சுலபம், பிரிப்பதுதான் பாடு. நுனி எங்கே மடங்கியிருக்கிறது என்று தேடித் தேடிக் கையெல்லாம் கீறல். தன் வேலை நேர்த்தியை அவளே வாய்க்குள் வைதுகொண்டாள். கொஞ்ச நேரம் போனதும் தண்ணீர் குடிக்க வெளியே வந்த பாப்பா, குடித்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். பிறகு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து விரலால் ஒரு கம்பியை நோண்டினாள். அக்கா குறட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தான் நகத்தால் பிரித்தாள். பறவையை மட்டும் பாப்பா தானே கழற்றினாள்.

திரும்ப மாட்டும்போது வெள்ளி உருண்டைகளைப் பாப்பா ஒதுக்கிவிட்டாள். மற்றதெல்லாம் அவள் இஷ்டத்துக்குத் தொங்கின. சிவப்பாக இருந்ததெல்லாம் ஒரே மூலையில். விசில் இருந்த கிளை பாரத்தில் தொங்கிப்போயிற்று. உச்சியிலிருந்த நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அக்கா பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. கை தன்னையறியாமல் நட்சத்திரத்துக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கே ஆரம்பிக்கலாமா? ரெண்டு பேரும் உள்ள போங்க," என்றாள் பாப்பா.

ரெண்டு பேரும் என்றாளே, அதுவே அக்காவுக்குப் பெரிதாக இருந்தது. சமையலறையில் டிரைவர் உத்தரத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரு பொம்மையின் பொத்தானை யாராவது தொட்டிருந்தால்கூடத் தெரிந்துவிடுகிற கண் அவளுடையது. இந்தச் சின்ன மரம் எம்மாத்திரம்? வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டாள்.

பாப்பா கூப்பிட்டாள். அக்கா வந்து பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. விரலுறை இருந்த இடத்தில் இருந்தது. கம்மலும் அங்கேயே. குனிந்து பார்த்தாள், மரத்தைச் சுற்றி வந்தாள், சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். வியர்த்துவிட்டது. இத்தனை வருஷத்துத் தொழில் காலை வாரிவிட்டதே என்றிருந்தது. டிரைவர் மோவாயைத் தடவிக்கொண்டு விசிலைக் காட்டினார். தப்பு. கடைசியில் அக்காவும் கையை விரித்தாள்.

"ஒண்ணையுமே மாத்தல," என்றாள் பாப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "புதுசா ஆட்டத்துக்கு வர்றவங்கள மொத நாள் அப்படித்தான் ஏமாத்தணும். அம்மா வச்ச ரூல். அப்பாவுக்கு நல்லாத் தெரியும், சும்மா நடிச்சாரு."

அக்கா திரும்பி டிரைவரைப் பார்த்தாள். அவர் அசடு வழிந்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

தோற்றவள் பாத்திரத்துக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தேய்க்க ஆரம்பித்தபோது பின்னால் பாப்பா வந்து நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு உங்க முறை சித்தி. ரொம்பக் கஷ்டமா வச்சுடாதீங்க, அப்பா பாவம்."

அக்கா தலையை ஆட்டினாள். பாப்பா ஒரு துணியை எடுத்து, கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.