காந்தம் துழாவிய மணல்

அம்மா உட்கார்ந்து டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை. கோப்பையோடு மேசையைச் சுற்றுவாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், ஆறியதும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். இருபத்திரண்டு வருடம் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவள். அந்தக் கடை மூடியதும், நிலாவில் ஓடப்போகும் ஒரு குட்டி வண்டிக்குச் சக்கரம் செய்யும் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். வண்டி ஒரு சூட்கேஸ் அளவுதான்.

"சூட்கேஸுக்குச் சக்கரம் மாட்ட ஏழு பேரா?" என்று மகன் கேட்டான். அவன் லிஃப்ட் கம்பெனியில் பொறியாளர்.

"உன் டப்பா மேலயும் கீழயும் போக எத்தனை பேருடா?"

சக்கரத்தின் சூட்சுமம் இதுதான். நிலாவின் தூசி மாவு போல நுண்ணியது, கண்ணாடித்தூள் போலக் கூரானது. சுழலும் அச்சு வெளியே வருகிற துளை வழியாக நுழைந்து மோட்டாரைத் தின்றுவிடும். அதனால் துளையே வைக்கவில்லை. இறுக மூடிய டப்பாவுக்குள் மோட்டார். அது ஒரு காந்த வளையத்தைச் சுழற்றும். டப்பாவின் மெல்லிய சுவருக்கு வெளியே, சக்கரத்தில் இன்னொரு காந்த வளையம். உள்ளே இருப்பது திரும்பினால் வெளியே இருப்பதும் கூடவே திரும்பும். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. காந்தங்களைப் பதிப்பதும், நிலா மண்ணைப் போலத் தயாரித்து வரவழைத்த மணலில் சக்கரத்தை ஓட்டிப் பார்ப்பதும் அம்மாவின் வேலை.

முந்நூறு மணி நேரம் ஓடியும் சக்கரம் ஒருமுறைகூட நழுவவில்லை. இன்னும் பதினோரு நாளில் வண்டி செய்பவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் அறுபது மணி நேரம் நிற்காமல் ஓடினால் வண்டிக்கு இந்தச் சக்கரம், நின்றால் வேறொருவருடையது. எல்லோரும் இப்போதே ஜெயித்த முகத்தோடு திரிந்தார்கள். அம்மா மட்டும் நகத்தைக் கடித்தாள்.

"கெட்டே போகாத மெஷினை நான் பாத்ததில்லைடா. எங்கயோ உதைக்குது."

அன்று மாலை அவளை அழைத்துப்போக மகன் வந்தான். ஜன்னல் விளிம்பில் நான்கு பாட்டில்கள். உள்ளே கறுப்புத் தூள்.

"என்னம்மா, காப்பிப்பொடிக் கடை வச்சிருக்கே?"

"கையை வைக்காதே. மணல்ல இருந்து எடுத்த இரும்புத்தூள்."

தினமும் காலையில் அவளுக்கு முதல் வேலை அது. பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை மணலில் நெடுக இழுப்பாள். மோட்டார் கடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே ஒரு சிட்டிகை இரும்புத்தூள் காயிலுக்குள் போனால் நாள் முழுக்கச் செய்தது பாழ். காந்தம் போடாமல் எதையும் தொடமாட்டாள்.

"இங்க யாரும்மா இரும்பு ராவுறாங்க?"

"யாரும் ராவலையே."

"அப்புறம் தினம் தினம் இது எங்கிருந்து வருது?"

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் வந்தது.

தூள் மணலுக்கே உரியது. நிலா மண்ணில் இரும்பு உண்டு என்பதால் தயாரித்தவர்கள் அளந்து கலந்தது. வாரம் ஒரு மூட்டை வரும். மூட்டையோடு வந்த தாளிலேயே எழுதியிருந்தது. தாள் கோப்பில் தூங்கியது. காந்தம் அவள் கையில் இருந்தது. முந்நூறு மணி நேரமும் சக்கரம் ஓடியது இரும்பு நீக்கிய மணலில்.

"காலைல பாத்துக்கலாம்மா."

"நீ போ."

நான்கு பாட்டில்களையும் மணல் தொட்டியில் கவிழ்த்து, கிளறி, சக்கரத்தை ஓட்டினாள். ஐந்து நிமிடத்தில் காந்த வளையத்தின் ஓரமெல்லாம் இரண்டு நாள் தாடி போலத் தூள் முளைத்தது. பத்தொன்பதாவது நிமிடம் நறநறவென்று சத்தம். இருபத்து மூன்றில் உள்ளே மோட்டார் டிக் டிக்கென்று துள்ள, வெளியே சக்கரம் அசையாமல் நின்றது.

தலைமைப் பொறியாளரைப் போனில் கூப்பிட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, வேற யாரு பாத்தா?"

"என் பையன்."

"வர்றவங்க இந்தத் தொட்டியிலதான் ஓட்டிப் பாக்கப்போறாங்க. நீங்க வழக்கம்போல காலைல..."

"காந்தம் போட்டுடவா? சரி தம்பி. நிலாவுக்கு எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க. வண்டிக்கு முன்னாடி துழாவிக்கிட்டே நடக்குறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. பிறகு பெருமூச்சு. "முந்நூறையும் அடிச்சுடுங்கக்கா."

குறிப்பேட்டில் முந்நூறு மணி நேரத்துக்கும் குறுக்கே கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: மணல் தவறு. கை என்னுடையது.

அடுத்த பத்து நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. துடைக்கிற பிரஷ் வைத்தாள். தூள் அதைத் தாண்டியது. துணி வளையம் வைத்தாள், கிழிந்தது. ஏழாம் நாள் சாப்பாட்டுக் கையோடு மகன் முகத்தையே பார்த்தாள்.

"ஷேவ் பண்ணலையா?"

"நேரமில்லை."

"நல்லது," என்று கை கழுவப் போனாள்.

மறுநாள் இடைவெளியின் வாய்க்கு வெளியே பொடிப்பொடிக் காந்தங்களை ஒரு வரிசையாகப் பதித்தாள். வருகிற தூளை அவையே பிடித்தன. பிடித்த தூள் அடர்ந்த முடியாக நின்று, பின்னால் வந்ததை உள்ளே விடவில்லை. கூட இருந்தவர்கள் அதற்கு மீசை என்று பெயர் வைத்தார்கள்.

தூள் முழுவதும் கலந்த மணலில், வந்தவர்கள் முன்னால், சக்கரம் அறுபது மணி நேரம் ஓடியது. அறுபத்து நான்கில் நின்றது. அவர்களுக்கு அறுபது போதும். அம்மாவுக்குப் போதவில்லை. "அறுபத்து நாலுல ஏன் நின்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினாள், வரிசையைப் பிரித்துப் பிரித்துப் பதித்தாள். ஏழு வாரம் கழித்து, தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, கையில் கோப்பையோடு விழுந்தாள். இதயம். நடந்துகொண்டுதான் இருந்தாள் என்றார்கள்.

அவள் சாமான்களை எடுத்துவர மகன் போனான். மூக்குக்கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், பாலிதீன் சுற்றிய காந்தம். அந்த மாலை வாயை மூடிக்கொண்டு அவளை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கக் கூடாதா என்ற கேள்வி அவனை எங்கேயும் உட்காரவிடவில்லை. தொட்டியில், அவள் கடைசியாகப் பதித்த வரிசையோடு, சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுபத்தொன்பதாவது மணி," என்றார் தலைமைப் பொறியாளர். "கிட்ட வந்து பாருங்க."

"பையில அம்மாவோட காந்தம் இருக்கு, தூளை இழுத்துடும்," என்றான். சுவரை ஒட்டியே நடந்து கதவுக்குப் போனான்.