தே ஓ கோசோங்

என் மகனை யாராவது பின்னால் நின்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. கூப்பிடவில்லை, சோதிக்கிறார்கள் என்று தெரியும்.

அவன் வயிற்றில் இருந்தபோது இரத்தத்தில் சீனி கூடி எனக்கு இனிப்புநீர் வந்தது. கர்ப்பத்தில் இனிப்புநீர் இருந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடலாம் என்ற செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் என் கணவரின் அக்காள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. யாருக்காகப் போட்டார் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். முழுவதும் படித்துவிட்டு, 'வாய்ப்பு கூடுவது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் வருவதில்லை' என்று பதில் எழுதினேன். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதையும் நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து அக்கா ஃபெர்ரி ஏறி வந்தார். வழக்கமான சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கணவர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். ஒன்றரை வயது மகன் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அக்கா அவன் பின்னால் போய், "குட்டி, டேய் குட்டி" என்றார். அவன் திரும்பவில்லை. சாவிக்கொத்தை ஆட்டினார். உடனே திரும்பினான். காது கேட்கிறது, பெயருக்குத்தான் திரும்புவதில்லை; ஆட்டிசத்துக்கு அதையும் ஓர் அறிகுறியாகச் சொல்வார்கள். அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

கடைக்காரர் வந்ததும் அக்கா, "எனக்கு தே ஓ கோசோங்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாலும் சீனியும் இல்லாத அந்தத் தேநீரைத்தான் கர்ப்பமாக இருந்தபோது நான் குடித்தேன். "படிச்சவங்க வயித்துக்குள்ள இனிப்பு போகாதாமே" என்று அப்போது கேலி பேசியவர் இவர். கிளாஸின் அடியில் கெட்டிப்பால் தெரியாவிட்டால் திருப்பி அனுப்புகிற ஆள்.

"என்னைக் குத்திக் காட்டுறீங்களாக்கா?"

"உன்னை எதுக்கு லா குத்தணும்?"

"பிறகு ஏன் என் பிள்ளைய பின்னாடி நின்னு கூப்பிடுறீங்க? அந்தச் செய்திய ஏன் போட்டீங்க?"

"நீதான் படிச்சவ. படிச்சு விளக்குவேன்னு போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நானும் முழுகாம இருக்கேன். மூணு மாசம் இன்னும் முடியல, அதான் யார்கிட்டயும் சொல்லல. கிளினிக்ல இனிப்புநீர்னுட்டாங்க. உன் பையன் திரும்பினா என் பிள்ளையும் நல்லா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"இவனை வச்சு உங்க பிள்ளைக்கு ஜோசியம் பார்க்காதீங்கக்கா. சீனிய கட்டுப்பாட்டுல வச்சுக்குங்க, உங்க கையில இருக்கறது அதுதான்."

"அப்ப இவன்?"

சில பிள்ளைகள் தாமதமாகத்தான் திரும்பும் என்ற பதில் நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட காட்டப் போறேன். உங்க தம்பிக்குத் தெரியாது."

"ஏன்?"

"அவரும் நான் இல்லாதப்போ இவனைப் பின்னாடி நின்னு கூப்பிடுறாரோன்னு சந்தேகம்."

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி வரட்டும். நீ உன்னோடத சொல்லு, நான் என்னோடத சொல்றேன்."

கணவர் வாசலிலிருந்தே மகனைக் கூப்பிட்டார். அவன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியை இழுத்து அவர் உட்காரும் வரை பொறுத்தேன். பிறகு நான்தான் முதலில் பேசினேன்.