சங்கிலிக்காரர் நடந்த வழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில், சாலை போடும் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை எனக்குக் கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்து வலியசாலையில் ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் சாப்பாட்டுக் கடையில் இரண்டு வார்த்தை. அதற்கப்புறம் நான் பேசுவது சங்கிலிக்காரரிடம் மட்டும்தான். நிலம் அளக்கும் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவர் அவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். மழை, மீன், மகளின் கல்யாணம் என்று நடந்தபடியே பேசிக்கொண்டு வருவார்.

மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அடிபடாமலிருக்க, வலியசாலையிலிருந்து பழவங்காடி வரை தனிப் பாதை போட உத்தரவாயிற்று. அளக்கப் போனோம். பாதை ஓர் அக்கிரகாரத் தெருவைக் கடந்தாக வேண்டும். தெருமுனையில் அவர் சங்கிலியைக் கீழே வைத்தார்.

“இதுக்குள்ள எங்க ஆளுக வரப்படாது, சாமி. நான் பின்னால சுத்தி அந்தத் தலைக்கு வந்துடுதேன். கொறச்சு நேரமாகும்.”

சங்கிலியை ஒரு முளையில் மாட்டி, நானே ஓடி ஓடி அளந்தேன். தெருவின் மறுமுனையில் வெகுநேரம் நின்றேன். அவர் முழங்கால்வரை சேற்றோடு வந்தார்.

மறுநாள் அவர் வழியில் நானும் போனேன். வீடுகளின் கொல்லைப்புறம், சாக்கடை ஓரம், அதைக் கடக்க ஒற்றைத் தென்னந்தடி. எதிரே தலைச்சுமையோடு வந்த ஒரு பெண் எங்களைக் கண்டு சேற்றில் இறங்கி நின்றாள்.

“தடி வழுக்கும். பாத்து சூக்ஷிச்சு நடக்கணும், சாமி” என்று கையை நீட்டியவர், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அந்த வழியையும் படத்தில் சேர்த்தேன்: சரளை பரப்பிய நடைபாதை, சாக்கடைமேல் சின்னக் கல்பாலம். என் மேலதிகாரி பார்த்தார்.

“இது யாருக்கு ஓய்?”

“தெருவுக்குள்ள வர முடியாதவாளுக்கு, சார். அவாளும் தினம் நடக்கறா.”

“உம்மைக் கேட்டது ஒரு பாதை. இதைச் சுரண்டி எடும்.”

பிளேடால் மசியைச் சுரண்டினேன். சங்கிலிக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். அதன்பின் எங்கள் நடையில் பேச்சே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் அதே தென்னந்தடியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தெற்கே அவருடைய ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஓணம் கழிந்து பார்க்கப் போனேன். வழிநெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பு, அவர் கட்டிலருகே நின்றபோது வாயில் வரவில்லை.

“பாதை தீர்ந்துதா, சாமி?”

“ஆயிடுத்து.”

“நல்லது” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வருஷங்களில் அந்தத் தெரு எல்லோருக்கும் திறந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார். செய்தி எனக்கு வெகுநாள் கழித்து, யார் மூலமோ வந்தது. எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.